கிளிநொச்சியிலிருந்து ஒருநாள் படகுப் பயணம்: எந்தத் தீவு, யாருக்கு?

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் வன்னியில் சனசமூக நிலையங்களிலும் இளைஞர் கழகங்களிலும் கோவில் சபைகளிலும் ஒரே கதைதான்: இந்த முறை எங்கே போவது? குளமும் வயலும் காடும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "படகில ஏறவேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். பெரியவர்கள் "நயினை அம்மாளிட்டப் போவம்" என்பார்கள். இளைஞர்களுக்கு நெடுந்தீவுக் குதிரை. முழங்காவில் பக்கம் சொந்தம் உள்ள யாராவது ஒருவர் "ஏன், இரணைதீவு இருக்குத்தானே" என்று இடையில் செருகுவார். இவ்வளவும் கதைத்த பிறகு, வாடகைக்கு வான் பேசப் போகிறவர் எடுப்பதுதான் முடிவு.

தீவுகளை ஒப்பிடும்போது அங்கே என்ன பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் மறுபக்கத்திலிருந்து தொடங்குவேன். கூட்டத்தில் நடக்கவும் ஏறி இறங்கவும் மிகவும் கஷ்டப்படுகிறவர் யார்? தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். குதிரை, கோட்டை, கோபுரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளம் இருக்கக் கடல் எதற்கு?

இரணைமடு பக்கத்தில் இருக்க ஏன் நூறு கிலோமீற்றர் ஓடவேண்டும் என்று கேட்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். நியாயமான கேள்விதான். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. கனகராயன் ஆற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற குளம். அணைக்கட்டை உயர்த்தித் திருத்தி 2018 டிசெம்பரில் திறந்து வைத்ததிலிருந்து, மாரியில் வான்கதவு திறந்தால் அதைப் பார்க்கவே சனம் திரண்டு வருகிறது. கட்டில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். கனகாம்பிகை அம்மன் கோவிலும் பக்கத்தில். செலவு என்று பார்த்தால் ஓட்டோக் காசு மட்டும்தான்.

ஆனால் படகுப் பயணம் என்றால் கதை வேறு. கோடையில் நீர் இறங்கும்போது குளங்களில் மண் திட்டிகள் வெளியே தெரியும். "அதிலே கொண்டுபோய் விடுங்கோ அண்ணை" என்று கேட்டால் மனமிரங்கி ஏற்றிப் போகிற மீனவர் இருப்பார். அவருடைய வள்ளம் இரண்டு பேருக்கும் ஒரு வலைக்கும் அளவாகச் செய்தது. ஆறு பிள்ளைகளை ஏற்றி, அதில் ஒன்று மீன் பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தால் வள்ளமும் சாயும். தண்ணீருக்கு அடியில் பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கும். வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. பாதுகாப்பு அங்கி என்ற பேச்சே இல்லை. மாலை நேரத்தில் கட்டில் நடந்து, கச்சான் கொறித்து, வான்கதவைப் பார்த்துவிட்டு வருவதற்கு இரணைமடு முதல்தரம். படகுக்கு அது இடமில்லை. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் எல்லாவற்றுக்கும் இதையேதான் சொல்வேன்.

வீதிக் கணக்கு

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுமிடம் ஒன்றே: புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான். கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் வரை அறுபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இன்னும் முப்பது, முப்பத்தைந்து. ஆக, ஒரு பக்கத்துக்கு நூறு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போகும் வான் இரண்டு இடத்தில் நின்றுதான் போகும். ஆனையிறவில் ஒரு தேத்தண்ணி, யாழ்ப்பாணத்தில் ஒரு கழிப்பறை. இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் நீளம். மன்னார் பக்கத்தவர்களுக்கும் முழங்காவிலாருக்கும் ஏ32 வீதியால் பூநகரி வந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் கடப்பது சுருக்கம். 2011இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வீதி இல்லை, கடல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது செலவு எங்கே போகிறது என்பது. படகுக் கட்டணம் மொத்தச் செலவில் சிறிய பங்குதான். பெரிய பங்கு வான் கூலியும் சாப்பாடும். அதனால் "நயினாதீவுக்குக் காசு குறைவு, நெடுந்தீவுக்குக் கூட" என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. இரண்டுக்கும் அதே வான், அதே டீசல். வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று பேர் மட்டும் போவதென்றால் வானை மறந்துவிடுங்கள். கிளிநொச்சியில் புகையிரதமோ பஸ்ஸோ ஏறி யாழ்ப்பாணம் போய், பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் போகும் 776 பஸ்ஸைப் பிடித்தால் இறங்குதுறையடியிலேயே கொண்டுபோய் விடும். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கணுக்கால் அளவுக் கடலும் நாரைகளும். பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் பயணம்.

நயினாதீவு

முதல் தடவை போகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முழங்கால் நோக்காடு உள்ள அம்மம்மா வருகிற கூட்டம் எல்லாவற்றுக்கும் என் பதில் நயினாதீவுதான். காரணம் பக்தி மட்டுமில்லை. படகு ஓடுவது கால் மணித்தியாலம், இருபது நிமிடம். ஒரு படகு தவறினால் அடுத்தது வரும். திரும்பும் படகுக்காக மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. தீவு மொத்தமே நாலு சதுர கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். இறங்கினால் கோவில் வாசல். வாகனம் தேவையில்லை.

நாகபூசணி அம்மன் கோவிலில் மதியப் பூசைக்கு முன் போய்ச் சேர்கிற மாதிரி வெளிக்கிட்டால் தரிசனமும் ஆகும், அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானமும் ஆகும். ஐம்பது பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகிற பாடு மிச்சம். அந்தக் காசில் ஒரு பகுதியை அங்கே அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை. அம்மன் கோவிலடியில் ஒரு இறங்குதுறை, நாகவிகாரையடியில் இன்னொன்று. படகு எதில் விடுகிறது, திரும்ப எதில் ஏறவேண்டும் என்பதை ஏறும்போதே கேட்டு வையுங்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் தேடுவது அங்கே வழக்கமான காட்சி.

குறை இல்லாமலில்லை. போயா தினங்களில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருவார்கள்; புத்தர் வந்து போன இடம் என்று அவர்கள் நம்புகிற தலம் நாகவிகாரை. வெள்ளிக்கிழமை எங்கள் சனம். ஆனித் திருவிழாக் காலத்தில் இரண்டு மடங்கு. அந்த நாட்களில் குறிகட்டுவானில் வரிசையில் நிற்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட நீளும். திருவிழாவுக்கென்றே போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் காட்டத்தான் போகிறீர்கள் என்றால் போயாவும் வெள்ளியும் இல்லாத ஒரு வாரநாளைப் பாருங்கள்.

அந்தப் படகுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்க்கப் பெரிதாக இருக்கும், ஏறினால் குனிந்து படி இறங்கி உள்ளே போகவேண்டும். பலகை வாங்கு, சின்ன யன்னல்கள், காலடியில் எஞ்சின் அதிர்வு, டீசல் மணம். உள்ளே போனவர் எல்லோரும் ஏறி முடியும்வரை வெளியே வர இயலாது. கடல் வற்றாக இருக்கும் நேரத்தில் இறங்குதுறையிலிருந்து படகுக்குக் கால் வைப்பதே வயதானவர்களுக்குப் பெரிய பாய்ச்சல். சில நேரம் ஒரு படகின் மேலால் நடந்து அடுத்த படகுக்குப் போகச் சொல்வார்கள். சேலை கட்டிய அம்மாமாருக்கு இது சிரமம். வயதானவர்களைக் கடைசியாக ஏற்றி, வாசல் படிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். படகுக்காரரிடம் சொன்னால் கைபிடித்து ஏற்றிவிடுவார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நெடுந்தீவு

நெடுந்தீவு வேறு உலகம். ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர். நயினாதீவைப் போல பத்து மடங்குக்கு மேல். குறிகட்டுவானிலிருந்து சுமார் பத்துக் கிலோமீற்றர் கடல், ஒரு மணித்தியாலம் அளவில் ஓட்டம். மாவலித்துறையில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். மண்வேலியும் முட்கம்பியும் பார்த்த வன்னிக் கண்ணுக்கு முதலில் பிடிபடுவது அதுதான். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், தெற்குப் பக்கத்து வெளியில் மேயும் குதிரைகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை என்று சொல்கிற அந்த மட்டக் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. அவை மேயும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. (பெருக்கமரம் பார்க்கத்தான் ஆசை என்றால் மன்னார் பள்ளிமுனையில் ஒன்று நிற்கிறது. அதற்குப் படகும் வேண்டாம், கடலாட்டத்தில் வரும் சத்தியும் வேண்டாம்.)

இடம் அருமை. சிக்கல் நேரசூசியில். நெடுந்தீவுப் படகு சுற்றுலாக்காரருக்காக ஓடுவதில்லை. தீவுச் சனம் யாழ்ப்பாணத்துக்கு அலுவலாக வருவதற்கும், ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவதற்கும் ஓடுகிறது. காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போய்விட்டது. போய்ச் சேர்ந்தாலும் பின்னேரம் திரும்பும் படகுக்கு முன் உங்கள் கையில் இருப்பது சில மணித்தியாலங்கள்தான். அதற்குள் 'பட்டா' எனும் சிறிய லொறியோ ஓட்டோவோ பிடித்து, தீவைச் சுற்றி, சாப்பிட்டு, துறைக்கு வந்து சேரவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து அதே நாளில் போய்வர முடியுமா? முடியும். விடிய நாலு மணிக்கு முன் வெளிக்கிடவேண்டும், கூட்டத்தில் ஒருவரும் பிந்தக்கூடாது. நாற்பது பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவரும் பிந்தாத அதிசயத்தை நான் கண்டதில்லை. பிந்தினால் நாற்பது பேருக்கும் நாள் பாழ். இதனால் நெடுந்தீவை ஒருநாள் பயணமாகக் கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்திலோ புங்குடுதீவிலோ தெரிந்தவர் வீட்டில் தங்கினால் காலைப் படகு கையில். அதைவிட நல்லது நெடுந்தீவிலேயே ஓர் இரவு தங்குவது. அங்கே சிறிய தங்குமிடங்கள் இருக்கின்றன. காலை வெயில் ஏறமுன் குதிரைகளைப் பார்க்கிறவருக்கும், உச்சிவெயிலில் 'பட்டா'வின் பின்னால் நின்று தூசி விழுங்கிக்கொண்டு பார்க்கிறவருக்கும் கிடைப்பது ஒரே தீவில்லை.

சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். கடைகள் குறைவு, ஐம்பது பேருக்குத் திடீரென்று சமைத்துத் தர யாராலும் இயலாது. முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால் மீன்குழம்போடு சோறு கிடைக்கும். இல்லையென்றால் கட்டிக்கொண்டு போங்கள், கட்டிக்கொண்டு போன பொலித்தீனைத் திரும்பக் கொண்டும் வாருங்கள். குடிதண்ணீரும் அப்படியே. நிழல் குறைந்த தீவு அது. ஆளுக்கு ஒரு போத்தல் என்பது காணாது.

இன்னொன்று, விடுமுறை நாட்களில் சுற்றுலாக் கூட்டம் படகை நிரப்பினால் தீவுக்காரர் துறையில் நின்றுவிடுகிறார்கள். கிளினிக் போய்த் திரும்பும் நோயாளியும் பரீட்சைக்குப் போன பிள்ளையும் அதற்குள் இருப்பார்கள். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் தனியார் படகொன்றை முன்கூட்டியே பேசிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அப்படிப் பேசினால் திரும்பும் நேரமும் ஓரளவு உங்கள் கையில் இருக்கும். குமுதினி, நெடுந்தாரகை என்ற நெடுந்தீவுப் பயணிகள் படகுகளில்தான் போகவேண்டும் என்ற ஆசை இருந்தால் சிறிய குழுவாகப் போங்கள். குமுதினியின் கதை தெரியாத இளைஞர்களுக்கு அதை ஏறமுன் சொல்லிவிடுங்கள்: 1985 மே 15இல் அந்தப் படகில் வந்த பயணிகள் நடுக்கடலில் படுகொலை செய்யப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. நெடுந்தீவில் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். படகின் முன் நின்று செல்ஃபி எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் அன்றைக்கு ஒருவரை இழந்தவராக இருக்கலாம்.

காற்று தீர்மானிக்கும்

மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் காற்று ஒரு நொடியில் மாற்றும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. ஆழம் குறைந்த இந்தக் கடலில் அலை உயரமாக எழும்பாது. ஆனால் குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வந்து படகை உலுப்பும். நயினாதீவு ஓட்டத்தில் அது சின்ன ஆட்டம். நெடுந்தீவு ஓட்டத்தில் ஒரு மணித்தியாலம் அப்படிப் போனால் பாதிப் பேர் சொப்பிங் பையைத் தேடுவார்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடையும் மழையும் தாழமுக்கமும். கடற்கொந்தளிப்பு என்று அறிவித்தால் படகு ஓடாது. தீவில் மாட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் நின்ற கதைகள் ஊரில் நிறைய.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள்தான் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். இங்கேதான் பள்ளிக்கூட விடுமுறையோடு கணக்கு இடிக்கிறது. ஆவணி விடுமுறையில் சோளகம், மார்கழி விடுமுறையில் மழை, சித்திரை விடுமுறையில் கடல் நல்லது, வெயில் கொல்லும். எனவே ஆவணியிலும் மார்கழியிலும் பிள்ளைகளோடு போவதானால் நயினாதீவைத் தாண்டி யோசிக்காதீர்கள். நெடுந்தீவுக்கு ஆசைப்படும் இளைஞர்கள் விடுமுறையை விட்டு, மாசி பங்குனியில் வரும் ஒரு நீண்ட வார இறுதியைப் பிடிக்கலாம். மாரி பெய்து ஓய்ந்த கையோடு தீவில் புல்லும் நிற்கும், குதிரைகளும் கொழுத்திருக்கும். கோடை முற்றினால் தண்ணீருக்கு அலையும் குதிரைகளைப் பார்க்க மனம் கேட்காது.

இரணைதீவு

வன்னிக்கென்று சொந்தமாக ஒரு தீவு இருக்கிறதென்றால் அது இதுதான். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசம். பெரியதீவு, சின்னதீவு என்று இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. அக்கராயன், ஜெயபுரம் வழியாக முழங்காவிலுக்கு வந்து இரணைமாதா நகர்க் கரையில் படகு ஏறலாம். வரைபடத்தைப் பார்த்தால் "இவ்வளவு கிட்ட இருக்கிறதை விட்டுவிட்டு ஏன் குறிகட்டுவானுக்கு ஓடுகிறோம்" என்று தோன்றும்.

ஆனாலும் சுற்றுலாத் திட்டத்தில் இதை நயினாதீவோடும் நெடுந்தீவோடும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. 1992இல் அந்தச் சனம் தீவை விட்டு இடம்பெயர்ந்தது. போர் முடிந்த பிறகும் கடற்படை அங்கே இருந்ததால் வீடு திரும்ப முடியவில்லை. 2017 மே மாதம் தொடங்கி இரணைமாதா நகரில் தொடர் போராட்டம். கேட்டுக் கேட்டு அலுத்து, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களே போய்த் தீவில் இறங்கினார்கள். இடிந்த வீடுகளுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு, கோவிலைத் துப்புரவாக்கி, தொழிலைத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படிப்புக்குக் கரையில் ஒரு வீடு, நண்டுக்கும் மீனுக்கும் தீவில் ஒரு கொட்டில் என்று இரண்டு இடத்திலும் வாழ்க்கை நடக்கிறது.

ஆக, நேரசூசியோடு ஓடும் பயணிகள் படகை எதிர்பார்த்துப் போகும் இடமல்ல அது. தொழிலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுதான். கூரை இல்லை, இருக்கை இல்லை, தூவானம் முகத்தில் அடிக்கும். கடற்படையும் அங்கே உண்டு. வெளியார் போவதானால் யார், எதற்கு என்ற கேள்வி வரும். ஊரவர் ஒருவரின் அழைப்பும், பங்குத்தந்தையிடமோ மீனவர் சங்கத்திடமோ முன்கூட்டியே கதைத்து வைத்த ஏற்பாடும் இல்லாமல் வானில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு கரையில் போய் நிற்காதீர்கள்.

அழைப்பு இருந்தால்? அப்போது நான் நெடுந்தீவையும் விட்டுவிட்டு இதற்குத்தான் போவேன். அங்கே பார்ப்பதற்கென்று பலகை வைத்த இடம் எதுவும் இல்லை. மாதா கோவில், கரையில் வலை சிக்கெடுக்கும் பெண்கள், மேய்ச்சலுக்குத் திரியும் மாடுகள், தன் பாட்டன் வீட்டு அத்திவாரத்தைக் காட்டிக் கதை சொல்லும் ஒருவர். பத்துப் பேருக்கு மேற்படாத குழு, அரை நாள், அவர்கள் சமைத்துத் தரும் நண்டுக்கறிக்குக் கேட்காமலே நியாயமான காசு. பிள்ளைகளை ஓடி விளையாட விடும் பயணமாக இதை நினைக்கக்கூடாது. உயர்தர வகுப்பில் வரலாறோ புவியியலோ படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒருநாள் பாடம் வன்னியில் கிடையாது.

மற்றவை, சுருக்கமாக

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு. இரண்டும் சிறிய, அமைதியான ஊர்கள். எழுவைதீவு ஒன்றரைச் சதுர கிலோமீற்றரும் வராது. சொந்தமோ தெரிந்தவரோ இருந்தால் நல்ல ஓய்வு. இல்லையென்றால் இறங்கி அரை மணித்தியாலத்தில் "இனி என்ன செய்வது" என்று ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிவரும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கும் படகில் போகலாம். கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. படகில் ஏறி அமர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவு கிட்ட. காசு உள்ள தம்பதிகளுக்குச் சரி, சனசமூக நிலையத்துக்குச் சரிவராது. கச்சதீவு ஆண்டுக்கு ஒருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும்; அது யாத்திரை, அதற்குப் பதிவும் ஒழுங்கும் தனி.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் 'பாதை' எனும் மிதவைப் படகை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடலில் ஏறுவது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் தெளிவிக்க அதைவிட மலிவான வழி இல்லை. சில நிமிட ஓட்டம்தான்.

ஏறுவதற்கு முன்

எந்தத் தீவானாலும் பாதுகாப்பு அங்கியைப் போட்டுத்தான் ஏறவேண்டும். குறிகட்டுவானில் கொடுப்பார்கள், நம்மவர்கள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், வெக்கை என்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தது ஆழ்கடலில் இல்லை, கரை தெரிகிற களப்பில். சின்னப் பிள்ளைகளுக்கு அளவான அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவருடையதைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். படகு நிறைந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்ததுக்கு நில்லுங்கள், யார் என்ன சொன்னாலும்.

சத்தி வருகிறவர்களுக்குக் குளிசையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பிரயோசனமில்லை. ஏறுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னாவது கொடுக்கவேண்டும். வெறும் வயிறும் கூடாது, அப்பமும் இடியப்பமும் மூக்குமுட்டவும் கூடாது. உள்ளே அடைந்து இருப்பதைவிட காற்றுப் படும் இடத்தில் தூரத்தைப் பார்த்தபடி இருப்பது நல்லது.

வன்னிக் கூட்டத்துக்கென்று இன்னொரு விடயம் உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஆனையிறவும் பூநகரியும் மூடிக்கிடந்தபோது கிளாலி நீரேரியை இரவில், வெளிச்சமில்லாத வள்ளங்களில் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுடுபட்டவர்களைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களில் சிலர் பகிடி விட்டுக்கொண்டு வானில் வருவார்கள், இறங்குதுறையில் எஞ்சின் சத்தம் கேட்டதும் முகம் மாறிவிடும். "ஒண்டுமில்லை, வாங்கோ அம்மா" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். படகு ஏற விரும்பாதவர்களை யாழ்ப்பாணத்தில் நல்லூரடியில் ஒரு துணையோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகத் திட்டத்திலேயே ஓர் இடம் வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. கேட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று பேராவது கை உயர்த்துவார்கள்.

வான் பேசும்போது மூன்று விடயத்தை முற்பணம் கொடுக்கமுன் கேட்டுத் தெளிவாக்குங்கள். சாரதி குறிகட்டுவானில் முழு நாளும் காத்து நிற்பாரா, அதற்குக் கூலி தனியா? நெடுந்தீவென்றால் படகு ஓடாத நாளில் அதே வாடகைக்கு நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளலாமா? காற்று மாறினால் முற்பணம் இழக்காமல் நாளை மாற்றலாமா? மூன்றாவதுக்குச் சம்மதிக்காதவரிடம் சோளகக் காலத்தில் வான் எடுக்காதீர்கள். முதல்நாள் பின்னேரம் குறிகட்டுவானில் தெரிந்த ஒருவருக்கோ படகுக்காரருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு, அதற்குப் பிறகுதான் புளிச்சாதத்துக்கு அரிசி ஊறப்போடுவது.